வண்டிக்குள் வீடு: நம் கைவேலையும் நம் பொறுப்பும்



கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் நேரத்தில் அங்கே காத்து நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களுக்கும் சரக்கு லாரிகளுக்கும் நடுவே, சன்னல்களில் திரைச்சீலை தொங்க, மேலே தண்ணீர்த் தொட்டியும் சூரிய மின் தகடும் கட்டிய பழைய வேன்கள் ஒன்றிரண்டு இப்போது தென்படுகின்றன. வேனை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை நம் இளைஞர்களிடம் பரவிவிட்டது. திரைப்பட நடிகர்களின் 'கேரவன்' என்று மட்டுமே நாம் அறிந்திருந்த ஒன்று, கைப்பேசிக் காணொளிகளின் வழியே நம் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. இந்த ஆசையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நாமும் அந்த ஆசையில் இறங்கியவர்களே. இறங்கிக் கற்றுக்கொண்டதைச் சமுதாயத்தின் முன் வைப்பது கடமை என்று எண்ணுவதால் இதை எழுதுகிறோம்.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து, பன்னிரண்டு இருக்கைகள் கொண்ட பழைய வேன் ஒன்றை வாங்கினோம். ஊதாரித்தனம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் நம் வீட்டுப் பெண்களோடு நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்கு நம் காரணம் விளங்கும். கழிப்பறை தேடி ஒவ்வொரு பெட்ரோல் பங்க்காக ஏறி இறங்குவதும், இருக்கிற கழிப்பறையும் பூட்டியிருப்பதும், அஸர் நேரம் கடந்துகொண்டிருக்க ஒளுச் செய்ய மறைவான இடம் கிடைக்காமல் பெண்கள் மௌனமாக அமர்ந்திருப்பதும் ஒவ்வொரு பயணத்திலும் நடப்பவை. பயணம் முடியும்வரை தண்ணீர் குடிக்காமலே வருகிற தாய்மார்கள் நம்மிடையே எத்தனை பேர்! சர்க்கரை நோயுள்ள நம் பெரியம்மா, கழிப்பறைக்கு அஞ்சியே இரண்டு திருமணங்களுக்கு வர மறுத்துவிட்டார். தங்கும் விடுதிகளில் நான்கு குடும்பத்துக்கு அறை எடுக்கும் வசதியும் நமக்கில்லை. ஆகவே, வண்டியையே வீடாக்கிக்கொள்வோம் என்று முடிவு செய்தோம்.

பயணத்துக்கான வீடு என்பது நமக்குப் புதிய கருத்தன்று. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில், நிலையான வீடுகளை அமைதியிடமாக ஆக்கித் தந்ததைச் சொல்லும் அல்லாஹ், அதை அடுத்துக் கால்நடைத் தோல்களாலான கூடாரங்களையும் தன் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். பயண நாளிலும் தங்கும் நாளிலும் அவை இலேசாக இருப்பதைக் குறிப்பிடுகிறான். அந்த 'இலேசு' என்ற சொல்லின் பொருள் நமக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

கைவேலையும் நமக்கு அந்நியமன்று. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் காலணியைத் தாமே தைப்பார்கள், ஆடையின் கிழிசலைத் தாமே சரிசெய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதாக அறிவிப்பு உண்டு. நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் கண்காணிப்பில் கப்பல் கட்டியதையும், கடந்து போனவர்களெல்லாம் கேலி செய்ததையும் ஹூத் அத்தியாயம் சொல்கிறது. வடசென்னையோ கைவேலையின் தலைநகரம். லேத்துப் பட்டறை, வெல்டிங் கடை, டிங்கரிங், பெயின்ட் வேலை எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். பழைய இரும்பு விற்கும் இடத்தைச் சென்னை முழுவதும் 'காயலான் கடை' என்றே அழைக்கிறார்கள். அந்தத் தொழிலில் ஈடுபட்டிருந்த காயல்பட்டினத்து மக்களால் வந்த பெயர் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உடைந்ததைத் தூக்கி எறியாமல் பயனுக்குக் கொண்டுவருவதில் நம் சமுதாயத்துக்குப் பழைய பங்கு உண்டு என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

ஆகவே ஆறு இருக்கைகளைக் கழற்றினோம். ப்ளைவுட்டில் இரண்டு அடுக்குக் கட்டில், அடுப்பு மேடை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு ட்யூபுலர் பேட்டரிகள், ஓர் இன்வெர்ட்டர், கூரையில் சூரியத் தகடு எல்லாம் வந்தன. வீட்டில் பயன்படுத்தும் 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்றையும் கட்டிலுக்குக் கீழே சங்கிலியால் கட்டினோம். சில வேலைகளை உண்மையிலேயே நன்றாகச் செய்தோம் என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை. கடல் உப்புக் காற்றில் நம் பகுதி வண்டிகளின் தரைத் தகடு எவ்வளவு விரைவில் அரிக்கும் என்பதை அறிவோம். பழைய துருவைச் சுரண்டி, ப்ரைமர் இரண்டு கை பூசி, தைப்புகளில் நீர் புகாப் பசை வைத்து அடைத்தோம். அந்த அடைப்பு இன்றும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பார்த்தவர்களெல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

தண்ணீரைக் குறித்துப் போட்ட கணக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அது ஒரு லிட்டரைவிடக் குறைவு. வண்டித் தொட்டியிலிருந்து ஒளுச் செய்து பார்த்த பிறகுதான், வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு நாம் எவ்வளவு வீணாக்குகிறோம் என்பது உறைத்தது. நம் கூட்டத்தில் இரண்டு குடும்பங்கள் ஷாஃபி, இரண்டு ஹனஃபி. பயணத்தில் ஜம்உச் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கும், ஒவ்வொரு தொழுகையையும் அதனதன் நேரத்தில் தொழுகிறவர்களுக்கு வேறு கணக்கும் போட வேண்டியிருந்தது. தொட்டியின் அளவைத் தீர்மானிப்பதில் மத்ஹபுக்கும் பங்குண்டு என்று ஹஜ்ரத்திடம் சொன்னபோது அவர்கள் சிரித்துவிட்டார்கள். இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம்: இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்துகொண்டு கைப்பேசித் திசைகாட்டியை நம்பிக் கிப்லா பார்க்காதீர்கள். வண்டியின் இரும்பும் ஒலிபெருக்கியின் காந்தமும் முள்ளை இழுக்கும். இறங்கிச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.

இனி, நாம் சொல்லத் தயங்கிய பகுதி.

நாகூரில் ஓர் உறவினர் திருமணத்துக்குச் சென்று இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். சீர்காழியைத் தாண்டியிருப்போம். குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று, ஓடுகிற வண்டியிலேயே இன்வெர்ட்டரில் மின் கெண்டியைப் போட்டார்கள். சிறிது நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. கட்டிலுக்குக் கீழே பேட்டரியிலிருந்து போன கம்பி உருகிப் புகைந்துகொண்டிருந்தது. பேட்டரியின் இணைப்பைக் கழற்ற ஸ்பானர் வேண்டும். ஸ்பானரோ சாமான்களுக்கு அடியில் கிடந்தது. பின்கதவைத் திறக்கலாம் என்றால், நாம் அடித்த கட்டிலின் சட்டம் அதன் குறுக்கே நின்றது. கட்டிலின் மேல் அடுக்கில் மூன்று பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். புகைந்த கம்பிக்கும் எரிவாயு உருளைக்கும் இடையே இரண்டு சாண் தூரம்கூட இல்லை. பிள்ளைகளைப் பக்கக் கதவு வழியே ஒவ்வொருவராகக் கை மாற்றி இறக்கினோம். ஓட்டுநராக வந்த மைத்துனர் துணியைச் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடுங்கினார். உள்ளங்கையில் காயம் பட்டது. அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

யாரைக் குறை சொல்வது? வேலை செய்தவர்கள் நாமே. பிறகு மின்வேலை அறிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டியபோது அவர் நம்மைத் திட்டக்கூட இல்லை. அமைதியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். கெண்டி 1000 வாட். வீட்டில் 230 வோல்ட் என்பதால் அதற்கு நாலரை ஆம்பியர் போதும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே 1000 வாட்டை இழுக்க 83 ஆம்பியருக்கு மேல் வேண்டும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் தொண்ணூறைத் தாண்டும். நாம் போட்டிருந்தது வீட்டு ப்ளக்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. அதன் தகுதி ஏறத்தாழ இருபது ஆம்பியர். வோல்ட் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணியிருந்தோம். தொட்டால் அதிர்ச்சி தராது என்பது உண்மைதான். ஆனால் தீ மூட்டுவது ஆம்பியர். பேட்டரியை ஒட்டி ஒரு ஃப்யூஸ் போட்டிருந்தால் கம்பி சூடேறுமுன் அது அறுந்து நம்மைக் காத்திருக்கும். சாதனத்தைக் காக்கத்தான் ஃப்யூஸ் என்று நினைத்து, இன்வெர்ட்டருக்குள்ளேயே ஒன்று இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே ஓடுகிற கம்பியைக் காப்பதற்கு ஒன்றுமில்லை. இது போதாதென்று, தகட்டில் துளையிட்டுக் கம்பியை நுழைத்த இடத்தில் ரப்பர் குரோமெட் வைக்கவில்லை. தகட்டின் விளிம்பு ஆயிரம் கிலோமீட்டர் அதிர்வில் கம்பியின் உறையை அரம்போல் அராவியிருந்தது.

ஸபஉ அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததைச் சொல்லும் இறைவன், கவசம் செய்யும்போது அதன் வளையங்களை அளவாக இணைக்குமாறு கட்டளையிட்டதையும் சேர்த்தே சொல்கிறான். நபிக்கே கைத்திறனோடு அளவும் கட்டளையாக வந்தது என்பதை நாம் ஓதியிருக்கிறோம். ஓதியது கைக்கு வந்து சேரவில்லை.

இதைவிட நெஞ்சைச் சுட்டது இன்னொரு நபிமொழி. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு எரிந்துபோனது. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு உங்கள் பகைவன், உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்னும் கருத்தில் அறிவுறுத்தினார்கள் என்று அபூ மூஸா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. உறங்கும் பிள்ளைகளின் கட்டிலுக்குக் கீழே நாம் உருளையையே வைத்திருந்தோம்.

மதுரையில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்கலாம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, லக்னோவிலிருந்து புனித யாத்திரையாக வந்தவர்களின் தனி ரயில் பெட்டி, மதுரை நிலையத்தை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையில் சமைக்கத் தொடங்கியபோது தீப்பற்றி 9 பேர் இறந்தார்கள். அவர்கள் வேறு மதத்தவர். ஆனால் அவர்கள் செய்தது நாம் ஒவ்வொரு சுற்றுலா வேனிலும் செய்வதுதான். குடும்பத்தோடு புறப்பட்டார்கள், வெளிச் சாப்பாடு வேண்டாம், நம் கையால் சமைத்துக்கொள்வோம் என்று எண்ணினார்கள். நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போகும் வேன்களின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அரிசி மூட்டைக்கும் தேக்சாவுக்கும் அருகே ஓர் உருளை சாய்ந்து கிடக்கும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சமேனும் வெளியேறும். வண்டியிலோ தரை ஒரு தட்டுப்போல் அடைப்பாக இருக்கும். கசிந்த வாயு தரையில் தேங்கி நிற்கும். அடைத்துச் சீராக்கிவிட்டோமே என்று நாம் பெருமைப்பட்ட அந்தத் தரையே இங்கே எதிரியாகிறது. கசிவை நாற்றத்தால் உணரலாம் என்பதும் விழித்திருப்பவருக்குத்தான். ஓடும் வண்டியில் ரெகுலேட்டரும் குழாயும் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் ஐந்தாண்டு தாங்கும் குழாய் இங்கே எத்தனை மாதம் தாங்கும் என்று எவர் உறுதி சொல்ல முடியும்? தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளைச் சுற்றி வாழ்கிறவர்கள் நாம். டேங்கர் லாரிக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கிறவனை உறவு முறை பாராமல் அதட்டும் பழக்கம் உள்ளவர்கள். அதே நாம் நம் வண்டிக்குள் அந்த விழிப்பைக் கொண்டுவரவில்லை.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நம் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன நபிமொழியை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். அவ்வளவாகத் தெரியாத இன்னொன்று, மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்பது. அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் அது இடம்பெறுகிறது. மருத்துவத்துக்குச் சொன்ன நீதி மின்கம்பிக்கும் பிரேக்குக்கும் பொருந்தாது என்று நாம் கருதவில்லை. நம் நோக்கம் நல்லது என்பது மறுமையில் நமக்கு உதவலாம். எரிந்த பிள்ளையின் தாய்க்கு அது பதிலாகாது.

அந்தக் கட்டிலைப் பற்றி முதலிலேயே எச்சரித்தவர் நம் வீட்டுப் பெண் ஒருவர். "தீப்பிடித்தால் பின்கதவு எப்படித் திறக்கும்?" என்று கேட்டார். அபசகுனமாகப் பேசாதே என்று அடக்கிவிட்டோம். சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை என்பதைக்கூட அந்த நேரத்தில் மறந்துவிட்டோம். யாருக்காக அந்த வண்டியைக் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டோமோ, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே கட்டி முடித்தோம். அடுப்பு மேடையின் உயரமும் ஆண்களின் இடுப்புக்கே சரியாக இருந்தது என்பது தனிக் கதை.

சட்டத்தைக் குறித்தும் பேசியாக வேண்டும். இதில் நம் அறியாமை வெட்கத்துக்குரியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இருக்கைகளைக் கழற்றியதே குற்றம் என்பது நமக்கு அப்போது தெரியாது. வீட்டு வண்டிகளுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிர்ணயமே நாட்டில் இருக்கிறது. அதன்படி கட்டிச் சான்று பெறும் நிறுவனங்களும் இருக்கின்றன. கேரளத்தின் கண்ணூரில் 2021 ஆகஸ்டில், பயணக் காணொளிகளால் புகழ்பெற்ற இரு சகோதரர்களின் வேனை, அனுமதியற்ற மாற்றங்களுக்காகப் போக்குவரத்துத் துறை பறிமுதல் செய்தது பெரும் பரபரப்பானது. அன்று நம் இளைஞர்களில் பலர் அந்தச் சகோதரர்களுக்காக வாதாடினார்கள். துறை நடந்துகொண்ட விதத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமானது: எதிரே வருகிற வண்டியில் இருப்பவருக்கு உங்கள் படைப்பார்வத்தால் என்ன கடன்?

காப்பீட்டில் வந்து இந்தக் கேள்வி கூர்மையாகிறது. காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்பதில் ஆலிம்களிடையே பேச்சு இருக்கிறது. அதற்குள் நாம் நுழையவில்லை. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அது நமக்காகவே எடுப்பதன்று; நம் வண்டியால் அடிபடுகிறவருக்கும் அவர் குடும்பத்துக்குமானது. அறிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் நிறுவனம் மறுப்புச் சொல்ல வழி திறக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அடிபட்டவர் ஒரு கூலித் தொழிலாளியாக இருந்தால் அந்த ஆண்டுகளை அவர் எப்படிக் கடப்பார்? தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழி நாற்பது ஹதீஸ் படித்த சிறுவருக்கும் தெரியும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை கொண்டுபோகத்தான் நமக்கு மனம் வருவதில்லை. "செக்போஸ்டில் கொஞ்சம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்" என்று சொன்னவர்களும் உண்டு. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை இங்கே எழுதித்தான் தெரிய வேண்டுமா?

எடையைச் சொல்லவில்லை. முக்கால் அங்குல ப்ளைவுட் முழுப் பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். நான்கு பலகைகள், இரண்டு ட்யூபுலர் பேட்டரிகள், 100 லிட்டர் தண்ணீர், நிறைந்த உருளை இவற்றைக் கூட்டினால் ஐந்தாறு ஆட்களின் எடை, ஆள் ஏறுவதற்கு முன்பே ஏறிவிட்டது. தொட்டி பின்னாலும் தகடு கூரையிலும் இருந்ததால் வளைவுகளில் வண்டி ஆடியது. ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது நிற்கும் தூரம் கூடியதை மைத்துனர் இருமுறை சொன்னார். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்றோம்.

நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு 2019இல் ஓர் ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் வீடு கட்டியது பலருக்கு நினைவிருக்கும். படுக்கை, சமையலறை, கழிப்பறை, 250 லிட்டர் தொட்டி என்று அனைத்தும் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில், பெரும்பாலும் பழைய பொருள்களால் ஆனவை. அந்தப் படத்தைக் காட்டித்தான் நாமும் ஒருவரை ஒருவர் உற்சாகப்படுத்திக்கொண்டோம். அதில் நாம் கவனிக்கத் தவறியது, அந்த வீடு ஆறு போல்ட்டுகளால் மட்டும் வண்டியோடு பிணைக்கப்பட்டு, கழற்றி எடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது என்பதை. படித்த கலைஞர் செய்த சோதனை முயற்சி அது. அதன் தோற்றத்தைப் பார்த்தோம். அதற்குள்ளிருந்த கணக்கைப் பார்க்கவில்லை.

நம் சகோதரர்களிடம் ஒரு பிரிவினையை வைக்கிறோம். மரவேலை, தையல், திரை, மெத்தை, வண்ணம், துரு நீக்கம், ஒழுகல் அடைப்பு, தண்ணீர்க் குழாய் இவற்றில் கை வையுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ரம்ஜான் விடுமுறையில் ஒரு மகன் தந்தையோடு சேர்ந்து ஒரு கதவைச் செதுக்குவதைவிட நல்ல கல்வி அரிது. ஆனால் எரிவாயு, பிரேக், சேஸிஸ், இருக்கை, பாதுகாப்பு பெல்ட், வெளியேறும் வழி இவற்றைத் தொடாதீர்கள். மின்சாரத்தில் சிறு விளக்கும் மின்விசிறியும் வரை நீங்கள் கற்றுச் செய்யலாம். பேட்டரியை ஒட்டிய ஃப்யூஸ் இன்றி அதுவும் வேண்டாம். இன்வெர்ட்டர் என்று வந்துவிட்டால் அறிந்தவரைக் கூப்பிட்டுக் கூலி கொடுங்கள். நம் பேட்டையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை; வியர்வை உலருமுன் கூலி கேட்பார்கள், அவ்வளவுதான்.

வாடகைக்கு விடுவதைப் பற்றியும் ஒரு சொல். நம் வண்டியைப் பார்த்துவிட்டு, மேலப்பாளையத்தில் ஒரு திருமணத்துக்குப் பதினெட்டுப் பேரை ஏற்றிப் போக வேண்டும், வாடகை தருகிறோம் என்று ஓர் உறவினர் கேட்டார். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படியும் தவறு. அந்தக் கம்பி எரிந்தது அவருக்குத் தெரியாது. மறைத்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். தானியக் குவியலுக்குள் கை விட்டு ஈரத்தைத் தொட்டுப் பார்த்து வணிகரைக் கேள்வி கேட்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். உள்ளதைச் சொல்லி மறுத்தோம். அந்த உறவினர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உங்களுக்கு மட்டும் ஆகும், எங்களுக்கு ஆகாதா என்று அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. பிறர் பிள்ளைக்கு ஆகாத வண்டி நம் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? அதன் பிறகே கட்டிலைப் பிரித்தோம்.

ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். ஊர் ஊராக நம் அமைப்புகள் ஆம்புலன்ஸ் வாங்குகின்றன. ஜனாஸா வண்டி வாங்குகின்றன. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. வடசென்னையின் சில ஜமாஅத்துகள் சேர்ந்தால், முறையாகக் கட்டிச் சான்று பெற்ற, கழிப்பறையும் ஒளு வசதியும் உள்ள ஒரு பயண வண்டியை வாங்க முடியாதா? முதியவர்களும் நோயாளிகளும் பெண்களும் முன்னுரிமையோடு பயன்படுத்தட்டும். ஆடம்பரம் என்று ஒதுக்குமுன், உங்கள் தாயார் கடைசியாக எப்போது வெளியூர் வந்தார் என்று எண்ணிப் பாருங்கள். அதுவரை, பள்ளிவாசல்களில் பெண்களுக்கான கழிப்பறையையும் ஒளு இடத்தையும் பயணிகளுக்குத் திறந்து வையுங்கள். நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல் ஒவ்வொன்றும் இதைச் செய்தால் பாதிப் பேருக்கு வேன்வீடே தேவைப்படாது என்பது நம் எண்ணம்.

இப்போது நம் வேனில் பன்னிரண்டு இருக்கைகளும் பழையபடி இருக்கின்றன. இன்வெர்ட்டரை விற்றுவிட்டோம். பேட்டரிகள் ஒரு வீட்டில் மின்வெட்டுக்கு உதவுகின்றன. சமையல் இல்லை, ஃப்ளாஸ்க்கில் பாலும் தேநீரும், தூக்கில் சோறும் போகின்றன. அந்த ப்ளைவுட்டில் ஒரு பகுதி பிள்ளைகளின் புத்தக அலமாரியாயிற்று. பின்பக்கம் இருபது லிட்டர்க் கேன்கள் இரண்டு, ஒரு மடக்கு நாற்காலிக் கழிப்பறை, தைத்து வாங்கிய ஒரு சிறு கூடாரம் ஆகியவை மட்டும் இருக்கின்றன. மரத்தடியில் நிறுத்தி, வண்டியின் பக்கவாட்டில் அந்தக் கூடாரத்தைக் கட்ட இரண்டு பேருக்கு ஐந்து நிமிடம் போதும். மொத்த எடை பத்துக் கிலோவுக்குள். பெரியம்மா சென்ற மாதம் அதை நம்பிக் காயல்பட்டினம் வரை வந்தார். போகும்போதும் வரும்போதும் வழியெல்லாம் தண்ணீர் குடித்தார்.